கொட்டாங்கச்சிக்கு எத்தனை வேலை?

தேங்காய் துருவி முடித்ததும் கையில் மிஞ்சுகிற கொட்டாங்கச்சியை வைத்து என்னென்ன செய்யலாம்? மேலே படிக்குமுன் ஒரு நிமிடம் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அடுப்பில் போடலாம். காம்பு செருகி அகப்பை ஆக்கலாம். ஈரமணலை அடைத்துக் கவிழ்த்து இட்லிக் கடை வைக்கலாம். அடியில் ஓட்டை போட்டுக் கொத்தமல்லி விதைக்கலாம். மொட்டைமாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைக்கலாம். இரண்டைக் கவிழ்த்துக் கயிறு கோத்து, மேலே ஏறி நின்று, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி டொக் டொக்கென்று நடக்கலாம்.

பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் சிறுபிள்ளைகளின் ஆக்கத்திறனை அளப்பதற்கென்று உளவியல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருக்கும் கருவிகளில் முக்கியமானது இந்தக் கேள்விதான். கேட்கும் பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் செங்கல்லைக் கேட்டார்கள். நான் தாம்பரத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கொட்டாங்கச்சியைக் கேட்கிறேன். இந்த இடமாற்றத்தில் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பதைப் பேசுவதற்காகவே இந்த அத்தியாயம்.

1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபோர்டு தம் உரையில் ஒரு கணக்குச் சொன்னார். அதற்கு முந்தைய 23 ஆண்டுகளில் பட்டியலிடப்பட்ட ஏறத்தாழ 1,21,000 உளவியல் கட்டுரை, நூல்களில் ஆக்கத்திறனைப் பற்றியவை 186 மட்டுமே. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. அறிவுக்கூர்மையை அளக்க அன்றைக்கே தேர்வுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே சரியான விடையைத் தேடிப் போகும் குவிசிந்தனையைச் சோதித்தவை. ஒரு கேள்வியிலிருந்து பல திசைகளில் கிளைத்துப் போகும் விரிசிந்தனையை யாரும் அளக்கவில்லை என்பது அவர் குறை. நம் பி.எட். மாணவர்கள் இன்றைக்கும் இந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டுத்தான் வகுப்பறைக்குள் நுழைகிறார்கள்.

கில்ஃபோர்டு போட்ட பாதையில் பள்ளிப் பிள்ளைகளிடம் போனவர் இ. பால் டோரன்ஸ். 1958-இல் மினசோட்டாவின் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வைத் தொடங்கினார். 1966-இல் அவர் பெயரிலேயே தேர்வு வெளியானது. சொற்களால் விடை சொல்லும் பகுதி ஒன்று, படம் வரையும் பகுதி ஒன்று. பிள்ளை எத்தனை விடை சொன்னது என்பது சரளம். அந்த விடைகள் எத்தனை வகையில் விழுகின்றன என்பது நெகிழ்வு. பிறர் சொல்லாததைச் சொன்னதா என்பது புதுமை. சொன்னதை எவ்வளவு நுணுக்கமாக வளர்த்தது என்பது விரிவு. இந்த நான்கையும் வைத்துத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

சரளத்தை எண்ணிவிடலாம். நெகிழ்வைக் கொஞ்சம் யோசித்தால் கணக்கிட்டுவிடலாம்: அகப்பை, கிண்ணம், விளக்கு மூன்றும் ‘ஏந்துகிற பொருள்’ என்ற ஒரே வகை, கொட்டாங்கச்சியைத் தட்டித் தாளம் போடலாம் என்று பிள்ளை சொல்லும்போது வகை மாறிவிட்டது. சிக்கல் புதுமையில்தான். புதுமை என்பது விடைக்குள் இருக்கும் குணம் இல்லை. மற்றவர்கள் அதைச் சொன்னார்களா இல்லையா என்பதைப் பொறுத்த எண்ணிக்கை அது. ஆக, அந்த மற்றவர்கள் யார் என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் 25 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. அகப்பை என்று 17 பேர், மணல் இட்லி என்று 14 பேர், கயிறு கட்டி நடப்பது என்று 6 பேர், ஒரே ஒரு பெண் மட்டும் ‘கொட்டாங்கச்சியில மழைத்தண்ணி எவ்வளவு நாள்ல நிரம்புதுன்னு பாக்கலாம்’ என்கிறாள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் சொன்ன விடைக்குப் புதுமை மதிப்பு இல்லை என்பது பல தேர்வுகள் பின்பற்றிய வழக்கம். 25 பேரில் ஒருவர் சொன்னால் அது 4 விழுக்காடு. இருவர் சொன்னால் 8. எனவே இந்த வகுப்பில் மழைத்தண்ணிக்காரிக்கு மட்டும் மதிப்பெண் விழுகிறது.

இதே விடைகளை மினசோட்டாவில் செய்த பட்டியலோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தென்னையே இல்லாத ஊரில் அகப்பை அரிய விடை. கயிறு கட்டி நடப்பது மிக அரிய விடை. நம் வகுப்பு முழுவதும் மேதைகள் ஆகிவிடுவார்கள். மாறாக, பனியில் சறுக்குவதற்கான வழி ஒன்றை நம் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால், அங்கே எல்லாப் பிள்ளையும் சொல்வது அது என்று பூஜ்யம் விழும். கேள்வித்தாளை மொழிபெயர்த்துவிடலாம், விடைப்பட்டியலை மொழிபெயர்க்க முடியாது. அதை அந்தந்த ஊரில் புதிதாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

இதை உணர்ந்தவர்கள் இந்தியாவிலும் இருந்தார்கள். பாகர் மெஹ்தி 1973-இல் வெளியிட்ட ஆக்கச் சிந்தனைத் தேர்வும், அதே காலத்தில் பி. கே. பாஸி உருவாக்கிய தேர்வும் இந்தியப் பிள்ளைகளின் விடைகளை எண்ணி உருவானவை. கல், குச்சி, தண்ணீர் ஆகியவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று மெஹ்தி கேட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சக்கரம் இருந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். நல்ல கேள்வி. தாம்பரத்தில் கேட்டால் பள்ளிக்கூடம் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் சிக்கிக்கொள்ளும், ரயில்வே கேட்டில் நிற்கும், வண்டலூர் மிருகக்காட்சிசாலை வாசலில் தினமும் பாடம் நடக்கும் என்றெல்லாம் பிள்ளைகள் சொல்லக்கூடும். ஆனால் வட இந்திய நகரங்களை வைத்துச் செய்த பட்டியல் தாம்பரத்துக்கு எவ்வளவு பொருந்தும்? மெஹ்தியின் தேர்வு நடுநிலைப் பள்ளி வயது முதல் மேலே உள்ளவர்களுக்கானது என்பதும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொண்டுபோவது அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போலத்தான்.

ஊருக்குள்ளேயேகூட இந்தச் சிக்கல் வரும். ‘மழை நிற்காமல் பத்து நாள் பெய்தால் என்ன ஆகும்?’ என்று கிழக்குத் தாம்பரத்தில் மேட்டுத் தெரு ஒன்றில் வளரும் பிள்ளையைக் கேட்டால், தெருவில் படகு வரும் என்று அது சொல்வது கற்பனை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்ததை 2015 டிசம்பரிலும், மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மக்கள் பார்த்தார்கள். அங்கே ஒரு பிள்ளை படகு என்று சொன்னால் அது நினைவு. ஃபிரிட்ஜ் மிதக்கும், பாடப்புத்தகத்தை மொட்டைமாடியில் காய வைப்போம், பாம்பு படிக்கட்டில் ஏறும் என்று அடுக்கிக்கொண்டே போகும். விரிவுக்கு முழு மதிப்பெண் விழும். அந்தப் பிள்ளை பட்டதைச் சொல்கிறது என்பது மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டதைச் சொல்வது குறை என்று நான் சொல்லவில்லை. அளப்பது வேறு எதையோ என்பதை மறந்துவிடக் கூடாது என்கிறேன்.

படப்பகுதியில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. டோரன்ஸ் தேர்வில் அரைகுறைக் கோடுகள் பத்துத் தருவார்கள். ஒவ்வொன்றையும் பிள்ளை தன் விருப்பப்படி படமாக்க வேண்டும். 1980-களில் திருத்திய முறையில், கோட்டின் திறந்த முனைகளைச் சட்டென்று நேர்கோட்டால் இழுத்து மூடிவிடும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். அவசரப்பட்டு முடித்துவிடாமல் திறந்தே வைத்திருக்கும் பொறுமைதான் ஆக்கத்தின் அடையாளம் என்பது கருத்து. கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் வாசலில் அம்மா போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு மூடுதல் என்றால் என்ன? புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்த கம்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். முனை தொங்கினால் கோலம் தப்பு. அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள்.

இந்தக் கோலத்துக்குள் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் தாம்பரத்துக்காரர்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து 1974-இல் கோலங்களை ஒரு வகை இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சொல்லுக்கு இலக்கணம் இருப்பது போல, சில அடிப்படை உறுப்புகளும் சில விதிகளும் போதும். அவற்றிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கும். பின்னாளில் கம்பிக் கோலத்தைத் தனியாக எடுத்து, மூடிய சுற்றுகளாகவே அதை ஆராய்ந்தார் கிஃப்ட் சிரோமணி. கணினி அறிவியலின் ஒரு பிரிவுக்கு நம் வாசல் கோலம் எடுத்துக்காட்டாகப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

இப்போது என் ஊகத்தைச் சொல்கிறேன். இதை யாராவது நம் பள்ளிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கோலம் பார்த்து வளர்ந்த பிள்ளை கோட்டை மூடினால், அது அவசரத்தால் மூடியதாக இருக்க வேண்டியதில்லை. சுற்றி வளைத்து நீண்ட பாதையில் போய் மூடியதா, குறுக்கே ஒரே இழுப்பில் மூடியதா என்று பார்க்க வேண்டும். விதிக்குள் நின்று புதிது செய்வதும் ஆக்கம்தான். ஏழு புள்ளிக் கோலத்துக்குள் ஒரு கிழவி இதுவரை யாரும் போடாத சிக்கைப் போடுகிறாள் என்றால், அவள் விதியை மீறவில்லை. அதை முழுதாகத் தெரிந்துவைத்திருக்கிறாள். அளவுகோலில் இதற்கு ஓர் இடம் வேண்டும்.

பட்டியலை ஊரில் எண்ணியாயிற்று, கேள்வியும் பொருத்தமானது என்றே வைப்போம். அடுத்தது, எந்தச் சூழலில் கேட்கிறோம் என்பது. 1965-இல் மைக்கேல் வாலக், நேதன் கோகன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 151 பேரிடம் ஒரு வேலை செய்தார்கள். தேர்வு என்ற பேச்சே எடுக்கவில்லை. கடிகாரம் வைக்கவில்லை. பிள்ளைகளோடு முதலில் பழகிக்கொண்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்து, விளையாட்டாகக் கேட்டார்கள்: உருண்டையான பொருள்கள் எவையெவை, சத்தம் போடுகிறவை எவையெவை என்று. அப்படிக் கேட்டபோதுதான் ஆக்கத்திறன் அளவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. அறிவுக்கூர்மைத் தேர்வு மதிப்பெண்ணோடு அவற்றுக்குப் பெரிய தொடர்பு இல்லை என்றும் தெரிந்தது. மணியடித்து, தாள் கொடுத்து, ‘பேசாதே’ என்று சொல்லிக் கேட்டால் நாம் அளப்பதில் பாதி, பிள்ளை பரீட்சைக்குப் பழகிய அளவுதான்.

நேரக்கட்டுப்பாடு ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கும் விடை உண்டு. 1957-இல் கில்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் விடைகளின் வரிசையைப் பார்த்தார்கள். முதலில் வருவது எல்லாருக்கும் தோன்றுவது. நேரம் போகப்போக விடைகள் வருவது மெதுவாகும், ஆனால் அரியவை பின்னால்தான் வரும். அகப்பை, கிண்ணம், அடுப்பு எல்லாம் தீர்ந்து, பிள்ளை வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறதே, அந்த அமைதிக்குப் பிறகுதான் மழைத்தண்ணி வருகிறது. இரண்டு நிமிடத்தில் தாளைப் பிடுங்கினால் அதைப் பார்க்கவே முடியாது. வகுப்பில் சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘என்ன, தூங்குறியா?’ என்று கேட்கும் வழக்கத்தை நாம் எல்லாருமே விட வேண்டும்.

பரிசும் அப்படித்தான். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் ஓவியப் போட்டி இல்லாமல் இருக்காது. 1982-இல் உளவியலாளர் தெரெசா அமபிலே வெளியிட்ட ஆய்வும் ஒரு குடியிருப்பில்தான் நடந்தது. ஏழு முதல் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி, வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு குழுவிடம் நன்றாகச் செய்தவர்களுக்குப் பரிசு என்றார். இன்னொரு குழுவிடம் பரிசைக் குலுக்கல் முறையில் கொடுப்போம் என்றார். எந்தப் படம் எந்தக் குழுவினது என்று தெரியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது, போட்டிக் குழுவின் படங்கள்தான் ஆக்கத்தில் குறைந்து நின்றன. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை: நம் போட்டிகளில் ஒரே படம் வரிசையாக வந்து விழுவதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. எதற்குப் பரிசு கிடைக்கும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

அமபிலே இன்னொரு பெரிய உதவியும் செய்தார். ஆக்கம் என்றால் என்னவென்று வரையறுக்க முயலாமல், அந்தத் துறை தெரிந்த சிலரிடம் படைப்புகளைக் கொடுத்து, ஒருவர் போட்ட மதிப்பை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார். அவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டினார். பெரிய செலவில்லாத இந்த முறை நம் பள்ளிகளுக்கு நன்றாகவே பொருந்தும். மூன்று ஆசிரியர்கள், முப்பது படங்கள், ஒரு மாலை போதும்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் இந்த விஷயத்தில் வெறுங்கையோடு இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் முறையிலிருந்து கற்றுக்கொண்டது அது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகளுக்குப் போனது. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படியாக அடுக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறியது. அந்த அட்டைகள் ஆக்கத்திறனை வளர்த்தன என்று நான் சொல்ல மாட்டேன். பல அட்டைகளுக்கு ஒரே விடைதான். எனக்குப் பிடித்தது சுவர்தான். பிள்ளை தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை அடித்து, ஆளுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். யாரும் கேட்காதபோது பிள்ளை என்ன கிறுக்குகிறது என்பதை ஆசிரியர் நடந்துகொண்டே பார்க்க முடிந்தது. ஆக்கத்திறனை அளக்க இதைவிட நல்ல கருவியை நான் அறியேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கேட்டது. 2012-13-இல் இங்கே முப்பருவ முறை வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-க்குள்தான் செயல்பாடு, செய்துபார்த்தல், பேச்சு, படம் எல்லாம் அடங்கும். திறந்த கதவு அது. ஆனால் ‘ப்ராஜெக்ட்’ என்றதும் பெற்றோர் ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, அச்சடித்த படத்தாளை வாங்கி, வெட்டிச் சார்ட்டில் ஒட்டி அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. புதிய பாடநூல்களில் வரும் சிந்தனை வினாவுக்கும் அதே கதிதான். சிந்திக்கச் சொல்லும் வினாவுக்கும் கைடு புத்தகத்தில் விடை இருக்கிறது. வகுப்பே அதை ஒரே மாதிரி எழுதுகிறது. எனக்கு உண்மையிலேயே வலிப்பது இதுதான்.

ஒன்பது வயதை ஒட்டி, நான்காம் வகுப்பில், ஆக்கத்திறன் மதிப்பெண் சரிகிறது என்று டோரன்ஸ் கண்டார். பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளில் ஒப்பிட்டபோது, சரிவின் நேரமும் அளவும் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறின. அப்படியானால் அது வளர்ச்சியின் விதி இல்லை. பள்ளியும் ஊரும் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கத் தொடங்குகின்றன என்பதையும் பொறுத்தது. இதே பேச்சில் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஐந்து வயதுப் பிள்ளைகளில் 98 விழுக்காட்டினர் மேதைகள், பெரியவர்களில் 2 விழுக்காடுதான் என்று நாசா கண்டுபிடித்ததாக ஒரு கணக்கு. ஜார்ஜ் லேண்ட் என்பவரின் நூல் வழியாகப் பரவியது அது. மற்றவர்கள் சரிபார்க்கும்படி ஆய்விதழில் வெளியான தரவு அதற்கு இல்லை. பிள்ளைகள் மேல் உள்ள அன்பால் பகிர்கிறோம். அன்புக்கும் நல்ல சான்று வேண்டும்.

உலக அளவில் ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்தும் பீசா 2022 தேர்வு 15 வயது மாணவர்களின் ஆக்கச் சிந்தனையை முதன்முறையாக அளந்தது. 60-க்கு 41 பெற்றுச் சிங்கப்பூர் முதலிடத்தில் நின்றது. இந்தியா அதில் பங்கேற்கவில்லை. தொடக்கப் பள்ளிக்குப் பயன்படக்கூடியது, அதே அமைப்பு இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் முயன்று 2019-இல் வெளியிட்ட எளிய அட்டவணைதான். பிள்ளை கேள்வி கேட்கிறதா, கற்பனை செய்கிறதா, செய்து பார்க்கிறதா, செய்ததைத் திரும்பிப் பார்க்கிறதா என்று நான்கையே கவனிக்கச் சொல்கிறது.

நம் ஆசிரியர் ஒருவர் நாளைக்கே தொடங்கலாம். எழுதச் சொல்ல வேண்டாம். மூன்றாம் வகுப்பில் எழுதச் சொன்னால் கையெழுத்து வேகத்தைத்தான் அளப்போம். இரண்டிரண்டு பேராக வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேச விட்டு, சொன்னதைச் சொன்னபடி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். எத்தனை சொன்னது என்பதைவிட, எந்த இடத்தில் வகை தாண்டியது என்பதை அடிக்கோடிடட்டும்: ஏந்துகிற பொருளிலிருந்து ஓசைக்கு, ஓசையிலிருந்து அளவைக்கு. நிறையச் சொல்லும் பிள்ளைக்குப் புதுமையும் தானாகக் கூடிவிடும் என்பதால், மொத்த மதிப்பெண்ணை நம்புவதைவிட இந்தத் தாண்டல்களை நம்புவேன். 25 பேரை வைத்து அரிது எது என்று முடிவுகட்டுவது ஆட்டம் காணும் கணக்கு. அதனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு நான்கைந்து பள்ளி நோட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்து எண்ணட்டும். மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பம்மல், அனகாபுத்தூர் என்று ஊருக்கு ஒரு பட்டியல் உருவாகும். மதிப்பெண் ரேங்க் கார்டில் ஏற வேண்டாம். அது ஏறும் நாளில் கைடு புத்தகத்தில் ‘கொட்டாங்கச்சியின் பத்துப் பயன்கள்’ வந்துவிடும்.

நோட்டை மூடுவதற்கு முன் எல்லா விடைகளையும் வகுப்பில் வாசித்துக் காட்டட்டும், பெயர் சொல்லாமல். மழைத்தண்ணி யோசனையைக் கேட்டதும் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். அடுத்த மழைக்கு ஜன்னல் கட்டை முழுக்கக் கொட்டாங்கச்சிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, உள்ளே கரிக்கோடு போட்டு. மறுபடி அதே கேள்வியைக் கேட்டால் 25 பேரும் அதைச் சொல்வார்கள். அரிய விடையாக இருந்தது பொது விடையாகிவிடும், பட்டியலில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, அடுத்த வாரத்துக்குப் பழைய சைக்கிள் டயர் ஒன்றைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.